கஞ்சி மாவுக் கடைக்காரரின் மூடுபனி

சிடோனி குடுவையைச் சாய்த்து வெந்நீரை நூல்போல ஊற்றிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை எங்கள் தெருவில் வெளுப்பு நாள். எல்லா வீட்டுக் கொல்லையிலும் படுக்கை விரிப்புகள் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் வீட்டுத் தொட்டியில் மட்டும் துணி இல்லை, ஒரு காகிதம் கிடந்தது. அதன் மேல் கோந்தும் கரிப்பொடியும் ஆரஞ்சு நிற உப்பு ஒன்றும் குழைத்துப் பூசி, கண்ணாடி நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி எடுத்திருந்தார்கள். வெளிச்சம் படாத இடத்துக் கோந்து நீரில் கரைந்து ஓட ஓட, அடியிலிருந்து ஒரு சிறுமி மேலே வந்துகொண்டிருந்தாள். முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கான உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, பின்னால் லெய் ஆறு. அவர்களுடைய ஒரே மகள் ஆலிடா.

சிடோனியின் கணவர் எவாரிஸ்ட் தொட்டியின் மறுபக்கம் தூரிகையோடு குனிந்து நின்றார். படம் தெளியத் தெளிய அவர் முகம் வாடிக்கொண்டே போயிற்று.

"இன்னும் ஊத்து. கண்ணு மேல ஊத்து."

"கண்ணு நல்லாத்தானே வந்திருக்கு?"

"அதான் பிரச்சினையே."

தூரிகையின் நுனியால் அவர் ஒரு தடவு தடவினார். இடது கண் சாம்பல் நிறமாகக் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"எவாரிஸ்ட்! போச்சு, ஒரு கண்ணு போச்சு!"

"போகட்டும். கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் சந்தைப் படக்காரன் விக்கிற சரக்கு. நான் எடுக்கிறது ஆன்மாவை."

"ஆன்மாவுக்கு மூக்கு வேணாமா?"

"நீ குடுவையைப் பிடி, சிடோனி."

"கை வெந்துபோச்சு. நீ பிடி, நான் தேய்க்கிறேன். அழிக்கிற வேலைதானே? தெனமும் கடைத் தரையைத் தேய்க்கிறவளுக்கு இது வராதா?"

அடுப்பில் காப்பி பொங்கி வழிவதற்குள் வலது கண்ணும் மூக்கும் வாயும் போய்விட்டன. பூமுடிக்குக் கீழே வெண்மையாக ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆலிடா பையைக் கழற்றாமலே தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, என் மூஞ்சி எங்கப்பா?"

"மூடுபனிக்குள்ள இருக்கு, கண்ணு."

"அன்னிக்கு மூடுபனியே இல்லையே. வெயில்ல எனக்கு மூக்கு உரிஞ்சுபோச்சே!"

எவாரிஸ்ட் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கி, குழந்தையைக் குளிப்பாட்டி எடுப்பதுபோல நீரை வடித்தார். ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட படம் என்று பிற்காலத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மேடையில் சொன்னது இதைத்தான். ஐரோப்பா பேசியதை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தெரு பேசியது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கெண்ட் நகரத்தில் மூடுபனிக்கு என்றைக்குமே பஞ்சம் இல்லை. அக்டோபரில் ஆற்றிலிருந்து ஏறினால் ஈஸ்டர் வரை இறங்காது. சன்னலைத் திறந்தால் உள்ளே வந்து, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் உறவுக்காரனைப்போல உட்கார்ந்துகொள்ளும். சும்மா கிடைக்கும் அந்தப் பண்டத்தை மனைவியின் காலுறையை வைத்து வீட்டிலேயே தயாரித்த ஒரே மனிதர் எவாரிஸ்ட் வெர்ஸ்டிகல்தான்.

அவருடைய அப்பா ஆற்றங்கரைச் சந்தில் கஞ்சி மாவு, நீலம், கோந்து விற்கும் கடை வைத்திருந்தார். சட்டைக் கழுத்துப்பட்டை விறைப்பாக நிற்க வேண்டும் என்றால் ஊர் முழுக்க அந்தக் கடைக்குத்தான் வரும். எவாரிஸ்டுக்குக் கடை வந்து சேர்ந்தது. கடையைக் கவனிக்கும் புத்தி வந்து சேரவில்லை. அதைக் கட்டிக்கொண்டு வந்தவள் சிடோனி. அவள் பக்கத்துக் கிராமமான லோக்கிறிஸ்டியில் அசேலியாப் பூச்செடி வளர்க்கும் குடும்பத்துப் பெண். விடியுமுன் எழுந்து பழகியவள், எடை போடும்போது விரலைத் தட்டில் வைக்காதவள். அவள் கல்லாவில் உட்கார்ந்த பிறகு எவாரிஸ்ட் வெல்வெட் தொப்பி ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகுதான் கேமரா.

மனிதர் கெட்டவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்குவார். விதவைகள் வந்தால் சிடோனி பார்க்காதபோது நீலக் கட்டி ஒன்று கூடப் போடுவார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன் சந்தைக்குப் போவார். ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது: யாரும் தம்மைக் கடைக்காரர் என்று சொல்லக் கூடாது.

அந்த ஆசைக்குக் கதவு திறந்துவிட்டது ஒளிக் கழகம். வக்கீல், மருத்துவர், நூற்பாலை முதலாளியின் மருமகன், மருந்துக் கடைக்காரர் என்று படம் எடுப்பவர்கள் சேர்ந்து, வியாழக்கிழமை மாலைகளில் ஒரு காப்பிக்கடையின் மாடியில் கூடுவார்கள். தலைவர் வக்கீல் மெஸ்டாக். அந்த மாடியில் பிரெஞ்சு மட்டும்தான். வீட்டில் ஊர்ப்பேச்சான ஃபிளெமிஷில் கனவு காண்பவர்கள் எல்லாரும் மாடிப்படி ஏறும்போது நாக்கை மாற்றிக்கொள்வார்கள். கேமரா என்ற இயந்திரம் உள்ளதை உள்ளபடி காட்டிவிடுவது அவர்களுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. படம் ஓவியம்போல இருக்க வேண்டும். பார்த்தவுடன் இன்னது என்று தெரிந்துவிடக் கூடாது. அவர்கள் படம் செய்ய நல்ல கோந்து வேண்டியிருந்தது. எவாரிஸ்ட் கோந்தைச் சும்மா கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்த பிறகு, அவரிடம் இருந்த கலைத்திறமை கழகத்தாருக்குத் தெரிய ஆரம்பித்தது.

அவருடைய முறை எளிமையானது. சிடோனியின் கறுப்புக் காலுறையைக் கேமராவின் கண்ணுக்கு மேல் இழுத்துக் கட்டுவார். அதுவும் போதாது என்று தோன்றினால் பன்றிக் கொழுப்பைத் தொட்டுப் பூசுவார். அதுவும் போதாவிட்டால் மூன்று கால் கட்டையை லேசாக ஓர் உதை. இப்படிப் பிறந்த படங்களுக்குப் பிரெஞ்சில் பெயர் வைப்பார். 'மாலையின் பெருமூச்சு' என்று ஒன்று. அது சிடோனியின் படுக்கை விரிப்புகள் கொடியில் காய்வது. 'துறவின் வாசல்' என்று இன்னொன்று. அது குடல் விற்கிற மெலானி போர்வை போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றது. ஒரு கோப்பை சிக்கரிக் காப்பிக்கு அவள் நின்றாள். படத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் கத்தினாள்.

"எவாரிஸ்ட் முசியே, இது நானா? கன்னுக்குட்டி தொழுவத்துல வழுக்கி விழுந்த மாதிரி இருக்கே!"

"இது நீங்க இல்ல மெலானி. இது துறவு."

"அப்ப காப்பியைத் துறவுக்கே குடுத்திருக்கலாமே!"

தெரு சிரித்தது. கழகம் கைதட்டியது. எவாரிஸ்ட் கைதட்டலின் பக்கம் போனார்.

ஆலிடாவுக்குப் புதுநன்மை வந்தது மே மாதத்தில், நல்ல வெயிலில். பூசை முடிந்து ஆற்றங்கரையில் மகளை நிறுத்தினார். கேமராவைத் திறந்த பிறகுதான் காலுறையை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. சிடோனியிடம் ஓடினார்.

"ஒரு நிமிஷம், காலுறையைக் கழட்டிக் குடு."

"என்னது?"

"ஒண்ணு போதும். இடது கால்."

"புதுநன்மை அன்னிக்கு, தெருவுல நின்னு, காலுறையைக் கழட்டச் சொல்றியா? அங்க பங்குச்சாமி பாக்குறாரு! உன் தொப்பியைக் கழட்டி மாட்டு."

கொழுப்பு டப்பாவும் வீட்டில். உதைத்துப் பார்க்கலாம் என்றால் கட்டை கல்தரையில் அசையவில்லை. வேறு வழியில்லாமல், எவாரிஸ்ட் வெர்ஸ்டிகல் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை தெளிவான படம் எடுத்தார். உரிந்த மூக்கு, சிரிப்பை அடக்கிய வாய், பூமுடியிலிருந்து தப்பி வந்த ஒரு முடிச்சுருள், எல்லாம் அந்தக் கண்ணாடித் தகட்டில் இருந்தன. தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த சிடோனி, "இதுதாண்டி நீ!" என்று மகளை இழுத்து முத்தமிட்டாள். எவாரிஸ்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கேமராவில் வராத மூடுபனியை இனி காகிதத்தில் கையால் கொண்டுவர வேண்டும். அந்தத் திங்கட்கிழமைத் தொட்டி வேலை அதற்குத்தான்.

அழித்த படத்தைப் பார்த்து ஆலிடா அழவில்லை. அவள் அம்மாவின் பெண். ஜூலைத் திருவிழாவுக்கு லோக்கிறிஸ்டியிலிருந்து வந்த தாய்மாமன் தியோஃபீலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எனக்கு மூஞ்சி உள்ள படம் வேணும்."

"உங்கப்பன் படக்காரன், நான் செடிக்காரன். என்கிட்ட வந்து கேக்குற?"

"அப்பா கழுவிடுறாரு மாமா."

திருவிழாத் திடலில் தகரத் தகட்டில் படம் எடுக்கிற கூடாரம் ஒன்று இருந்தது. மாமன் அவளை அங்கே கூட்டிப்போனான். படக்காரன் கூடார வாசல் வெயிலில், ஒட்டகமும் பனைமரமும் வரைந்த திரைக்கு முன்னால் உட்கார வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் எடுத்து, இன்னும் ஈரம் காயாமல் காகித உறையில் போட்டுக் கொடுத்தான். ஆலிடா அதைப் பத்திரமாக வைத்திருந்து, அக்டோபரில் அப்பாவின் பெயர்கொண்ட புனிதருக்குரிய பெயர்த் திருநாளன்று பரிசாகக் கொடுத்தாள்.

"பாருங்கப்பா, இதுல மூஞ்சி இருக்கு."

எவாரிஸ்ட் உறையிலிருந்து பாதி இழுத்துப் பார்த்தார். "தகரம்!" என்று சிரித்தார். "ஒட்டகம் வேறயா? கழகத்துல பாத்தா என்னைத் தள்ளி வெச்சுடுவாங்க." மகளின் தலையைத் தடவிவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு தம் வேலை அறைக்குப் போனார். அந்த அறையில் ஒரு பெரிய ஓக் மேசை. அதன் ஒரு கால் குட்டை, தூரிகை வைத்தாலே ஆடும். அன்றிலிருந்து ஆடவில்லை. குட்டைக் காலுக்கு அடியில் தகரமும் காகிதமும் சேர்ந்து சரியான கனம். கலைஞருக்கு மனதில் வேறு பெரிய விஷயம் இருந்ததால் அதைச் செய்த மறு நிமிஷமே அவருக்கு மறந்தும் போயிற்று.

பெரிய விஷயம் என்னவென்றால், கழகத்தின் இலையுதிர்காலக் கண்காட்சியில் முகமில்லாத ஆலிடாவுக்குத் தங்கப் பதக்கம். 'பனிக்குள் நற்கருணை' என்று பெயர். மெஸ்டாக் அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய படம்தான்.

பதக்கத்தோடு ஒரு சடங்கும் உண்டு. கழகத்தில் முதல் பரிசு பெற்ற படத்தின் கண்ணாடித் தகட்டை எல்லார் முன்னாலும் உடைத்துவிட வேண்டும். இனி அந்தப் படத்தை யாரும், எடுத்தவரே கூட, இன்னொன்று போட முடியாது. ஓவியம்போல உலகத்திலேயே ஒன்றாகிவிடும். உடைந்த சில்லுகளை உறுப்பினர்கள் நினைவாக எடுத்துப்போவார்கள், மந்திரித்த அப்பம் வாங்கிப்போவதைப்போல.

விஷயம் தெரிந்ததும் சிடோனி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"உடைக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒரு படம் போட்டுக் குடு. தேய்க்காம, கழுவாம, உள்ளது உள்ளபடி."

"அப்படி ஒண்ணு வெளிய இருந்தா இதுக்கு மதிப்பே போயிடும், சிடோனி. உலகத்துல ஒண்ணுதான்னு நான் சத்தியம் பண்ணணும்."

"பொண்ணும் ஒண்ணுதான்."

"பொண்ணு வீட்டுலயேதானே இருக்கா? எந்நேரமும் பாத்துக்கோயேன். உனக்கு எதுக்குக் காகிதத்துல?"

அந்த வியாழக்கிழமை மெஸ்டாக் தகட்டை எரிவாயு விளக்குக்கு எதிரே தூக்கிக் காட்டினாராம். அதில் ஆலிடா முழுசாக இருந்தாள். "இந்த முரட்டு உண்மையிலிருந்து நம் நண்பர் என்ன செய்திருக்கிறார் பாருங்கள்!" என்று சொல்லிவிட்டு, வெல்வெட் துணியில் வைத்து, சின்னச் சுத்தியலால் நடுவில் ஒரு தட்டு. காப்பிக்கடைக்காரி சத்தம் கேட்டு, கோப்பைதான் உடைந்தது என்று துடைப்பத்தோடு மேலே ஓடினாளாம். எவாரிஸ்ட் அன்று கண்ணீர் விட்டார், சந்தோஷத்தில். முதல் தடவையாக மெஸ்டாக் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

ஜனவரியில் எங்கள் சந்தில் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்று வீட்டில் பிள்ளைகள் போனார்கள். ஆலிடா இரண்டாவது.

எங்கள் ஊர்க் கல்லறைகளில் பீங்கானில் சுட்ட சின்ன நீள்வட்டப் படம் பதிப்பது அப்போதே வழக்கமாகிவிட்டது. ரொட்டிக்காரர், படகுக்காரர், மெலானியின் குடிகாரப் புருஷன் என்று எல்லாரும் கல்லிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்தச்சர் பாவ்வெல்ஸ் கேட்காமலே ஆலிடாவின் கல்லில் நீள்வட்டமாகக் குழி செதுக்கிவிட்டார். படக்காரர் வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பிறகு படம் கேட்டுக் கடைக்கு வந்தார். எவாரிஸ்ட் கண்ணாடி போட்ட 'பனிக்குள் நற்கருணை'யைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தார். பாவ்வெல்ஸ் நேராகப் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

"முசியே, இதுல மூஞ்சி எந்தப் பக்கம்?"

"தேடாதீங்க. உணர்ந்து பாருங்க."

"உணர்ந்துட்டேன். பீங்கான்ல உணர்ச்சி ஒட்டாதுங்களே. மூக்கு வேணும். ஒரு மூக்காவது குடுங்க, மத்ததை நான் சுடுறவன்கிட்ட சொல்லி..."

"வேற படம் இல்ல, பாவ்வெல்ஸ்," என்றாள் சிடோனி, கல்லாவிலிருந்து.

"என்னம்மா சொல்றீங்க? வீடு பூரா படமா இருக்கு!"

வீடு பூராவும் படம்தான். பின்பக்கம் திரும்பிய ஆலிடா, வெளிச்சத்துக்கு எதிரே நின்ற ஆலிடா, காலுறைக்குள் சிக்கிய ஆலிடா. சிடோனி பெட்டி பெட்டியாகத் தகடுகளை எடுத்துச் சன்னலில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் புகைதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்துத் தெருவே வாயடைத்துப் போயிற்று. கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு, கழகத்தார் வீடு வீடாகப் போனாள். உடைந்த சில்லுகளைக் கேட்டாள். மருத்துவர் வீட்டில் மரியாதையாக உட்காரவைத்து, ஆறு தெரிகிற சில்லைக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் கொடுத்ததில் உடுப்பின் விளிம்பு. நூற்பாலை மருமகன் மெழுகுதிரி பிடித்த கையைக் கொடுத்தார். "கணவரின் கலையை இவ்வளவு மதிக்கும் மனைவி கிடைப்பது அபூர்வம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். முகம் இருந்த சில்லு தலைவருக்குப் போயிருந்தது. மெஸ்டாக் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேசை மேலதான் வெச்சிருந்தேன் மதாம். வேலைக்காரப் பொண்ணு துடைக்கும்போது குப்பைன்னு நினைச்சுட்டா போல. கவலைப்படாதீங்க, படம் இருக்கே! அதுல உங்க மகள் என்றைக்கும் வாழ்றா."

"எந்த எடத்துல, முசியே?" என்று கேட்டாள் சிடோனி. அவர் அதைத் துக்கத்தில் சொன்ன வார்த்தையாக எடுத்துக்கொண்டு தலை குனிந்தார்.

தியோஃபீல்தான் தகரப் படத்தை நினைவுபடுத்தினான். சிடோனி கணவரிடம் ஓடினாள்.

"திருவிழாவுல எடுத்த தகரம். உன் பெயர்த் திருநாளுக்குக் குடுத்தாளே, எங்க?"

"எந்தத் தகரம்?"

"ஒட்டகம் போட்டது!"

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அந்த மேசையின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். நினைவு வரவில்லை. சிடோனி அலமாரி, சாக்கு, மகளின் செபப் புத்தகம் எல்லாவற்றையும் உதறிப் பார்த்தாள். மேசையை நகர்த்தத் தோன்றவில்லை. அது நாலு ஆள் தூக்குகிற கனம்.

ஒரு நாள் எவாரிஸ்ட் 'பனிக்குள் நற்கருணை'யைச் சட்டத்திலிருந்து பிரித்து, தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிடோனி, கண்ணு நீலமா, சாம்பலா?"

"சாம்பல். ஓரத்துல கொஞ்சம் பச்சை."

வாரம் முழுக்கச் சாம்பலும் பச்சையும் குழைத்தார். அழிக்கத் தெரிந்த கைக்கு வரையத் தெரியவில்லை. கடைசியில் வண்ணத் தட்டைக் கழுவிவிட்டுப் படத்தை மறுபடியும் சட்டத்தில் மாட்டினார். அன்று இரவுச் சாப்பாட்டில் மோர்க்கஞ்சியைத் தொடவில்லை. அந்த ஒரு வாரத்துக்காக நான் அவரை முழுக்கத் திட்ட மாட்டேன். அதற்கு அடுத்த வாரம் அவர் மறுபடியும் கழகத்துக்குப் போனார்.

சிடோனி குடுவையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். ஆரஞ்சு உப்பு தின்ற அவள் விரலிடுக்குப் புண்கள் மெல்ல ஆறின. தனியாக ஊற்றித் தனியாகத் தேய்த்ததில் எவாரிஸ்டின் படங்கள் ஒரேயடியாகக் கறுத்துப்போயின. மகளின் இழப்பால் வந்த 'இருண்ட காலம்' என்று மெஸ்டாக் கழக ஏட்டில் எழுதினார். குடுவை பிடிக்க ஆள் இல்லாத காலம் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

ஆண்டுகள் ஓடின. கல்லறைத் திருநாள்தோறும் சிடோனி சாமந்திச் செடியைத் தூக்கிக்கொண்டு போவாள். கல்லில் செதுக்கிய நீள்வட்டக் குழிக்குள் பாசி பிடித்திருக்கும். சில வருஷம் நத்தை ஒன்று குடியிருக்கும். கொண்டை ஊசியால் பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு வருவாள். பக்கத்துக் கல்லுக்கு வந்தவர்கள் குனிந்து காலியான குழியைப் பார்ப்பார்கள், பெயரைப் படிப்பார்கள், "படக்காரர் மகளா?" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். சிடோனி காதில் வாங்காததுபோல எழுந்து பாவாடையைத் தட்டிக்கொள்வாள்.

போர் வந்தது, ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் இருந்தவரை ஊரில் கஞ்சி மாவைச் சட்டைக்குப் போட ஆள் இல்லை, வயிற்றுக்குப் போட்டார்கள். போருக்குப் பிறகு வந்த புதுப் படக்காரர்கள் பாலத்தின் ஆணி கூடத் தெரிகிற மாதிரி எடுத்து, பழைய ஆட்களைக் கண்டு சிரித்தார்கள். எவாரிஸ்ட் அவர்களைப் பற்றி, "பாவம், பார்வை நல்லா இருக்கிற குருடனுங்க," என்பார். அந்த வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பிப்ரவரியில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். மகளின் கல்லிலேயே, குழிக்குக் கீழே, அவர் பெயரையும் வெட்டினார்கள். அவருக்கும் படம் இல்லை. தம் முகத்தைத் தாமே எடுத்த படத்தில் தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

இறந்த பிறகுதான் அவருக்கு மவுசு வந்தது. நகரத்துக் கண்காட்சிக் கூடத்தில் நினைவுக் கண்காட்சி வைப்பது என்று முடிவாயிற்று. மெஸ்டாக் அப்போது கைத்தடி ஊன்றுகிற கிழவர். இரண்டு வண்டிக்காரர்களோடு கடைக்கு வந்தார். சிடோனி நீலக் கட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மதாம், படங்களோட அவருடைய மேசையையும் கொண்டுபோறோம். 'பனிக்குள் நற்கருணை' பிறந்த மேசை! அந்தப் படத்தைப் பத்தி நான் மூணு கட்டுரை எழுதியிருக்கேன், தெரியுமா? ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் அந்தச் சிறுமி என்கிட்ட பேசுறா."

"என்ன பேசுறா?"

"அதை வார்த்தையில சொல்ல முடியாது, மதாம்."

"படம் பொறந்தது மேசையில இல்ல, முசியே. பின்கட்டுத் தொட்டியில. அதையும் கழட்டி எடுத்துட்டுப் போங்க, எனக்கு எடமாவது மிச்சம்."

மெஸ்டாக் சிரித்தார், கைம்பெண்ணின் வாய்த்துடுக்கை மன்னிக்கிறவராக. வேலை அறையில் வண்டிக்காரர்கள் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள்.

"ஏ, பாத்துப்பா, கால்ல என்னமோ ஒட்டிட்டு வருது!"

"தள்ளு, தள்ளு. தகரம்."

உறை மேசைக்காலோடு ஒட்டிக் கிழிந்தது. தகரம் கல்தரையில் விழுந்து 'டிங்' என்றது. வாசலில் நின்ற சிடோனி உள்ளே வந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தாள். மேலங்கியால் துடைத்தாள், எச்சில் தொட்டுத் துடைத்தாள். மேசைக்கால் அழுத்திய சதுரத் தழும்பு ஒட்டகத்தின் மேல் இருந்தது. ஒரு மூலையில் துரு. நடுவில் ஆலிடா. ஒரு கன்னம் திருவிழா மிட்டாயை அடக்கி வீங்கியிருந்தது. வெயிலுக்குக் கண் இடுங்கி, தொப்பி நாடா வாய்க்குள் போயிருந்தது. மூக்கு, முழு மூக்கு, நுனியில் தோல் உரிந்து.

மெஸ்டாக் மூக்குக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அட, சந்தைப் படம்! ஒட்டகம்! இது எங்கேயிருந்து இங்க வந்துச்சு?" அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. "மதாம், இதையும் குடுங்களேன். கூடத்துல வாசல்கிட்ட மாட்டலாம். எப்படிப்பட்ட குப்பையிலேருந்து எவாரிஸ்ட் இந்தக் கலையைத் தூக்கிவிட்டார்னு ஜனங்களுக்குச் சட்டுன்னு புரியும்."

சிடோனி தகரத்தை மேலங்கிப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்தாள். ஒரு கையை மட்டும் நுழைத்தாள். மற்றக் கை பையை விட்டு வரவில்லை. கல்தச்சர் பாவ்வெல்ஸ் இறந்து அவர் மகன் பட்டறையைப் பார்த்துவந்தான், கல்லறை வாசலிலேயே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போகிற வழக்கம் அவனுக்கு உண்டு, அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"குடுக்க மாட்டீங்களா? சரி, பரவாயில்ல," என்றார் மெஸ்டாக். "ஆனா முகம் நல்ல முகம். அந்தக் கன்னம் இருக்கே! யாரு மதாம் இந்தப் பொண்ணு?"

வண்டிக்காரர்கள் மேசையைப் பிடித்தபடியே வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிடோனி அவர்களைத் தாண்டி நடந்தாள்.

"மதாம்? யாரு இது?"

கடைக் கதவின் மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.